தோற்ற ஓட்டமும் தூற்றும் வாய்களும்

கேள்வி: சென்னையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில், 1500 மீட்டரில் எனக்குப் பதக்கம் உறுதி என்று எல்லோரும் நம்பினார்கள். 4 நிமிடம் 58 விநாடியில் ஓடியிருக்கும் நான், அன்று 5 நிமிடம் 14 விநாடியில் ஆறாவதாக வந்தேன். 400 மீட்டர் சுற்று ஒவ்வொன்றுக்கும் எடுத்த நேரம் 72, 84, 91 விநாடிகள். கடைசி 300 மீட்டருக்கு 67. முடிவுக் கோட்டில் நான் தடுமாறியதை யாரோ இன்ஸ்டாகிராமில் போட, ‘கல்லூரி மானத்தை வாங்கிவிட்டாள்’, ‘ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் வாங்கியதோடு சரி’ என்று எழுதுகிறார்கள். விளக்கம் எழுதலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: எழுத வேண்டாம். உங்கள் சுற்று நேரங்களே நடந்ததைச் சொல்லிவிடுகின்றன. அதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்களும் உங்கள் கோச்சும்தான். 4:58 ஓடுபவருக்குச் சுற்றுக்கு ஏறத்தாழ 80 விநாடி கணக்கு. நீங்களோ முதல் சுற்றையே 72-இல் ஓடிவிட்டீர்கள். வியர்வை எளிதில் உலராத சென்னைப் புழுக்கத்தில் உடல் சூடு தணியாமல் இதயத் துடிப்பு மேலும் ஏறும் என்பதால், அப்படித் தொடங்கியவருக்கு மூன்றாம் சுற்றில் கால் கனத்துப் போவது இயல்பே. இது வேகக் கணக்கில் நேர்ந்த பிழை. உங்கள் திறமை எங்கும் போய்விடவில்லை. முன்னால் போனவரைத் துரத்தினீர்களா, பதக்க எதிர்பார்ப்பு விரட்டியதா என்பதை, இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தபின் கோச்சிடம் மனம்விட்டுப் பேசுங்கள். சில வாரங்களாகவே எளிய பயிற்சியிலும் மூச்சு வாங்குகிறது என்றால், ரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுவது நல்லது. ஓடும் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு அடிக்கடி கவனிக்கப்படாமல் போகிறது.

‘முதல் சுற்றில் அவசரப்பட்டாள்’ என்று யாராவது எழுதியிருந்தால், கசந்தாலும் அது ஓட்டத்தைப் பற்றிய பேச்சு, ஏற்றுக்கொள்ளுங்கள். மானம், கோட்டா என்பதெல்லாம் வெறும் ஏச்சு. பத்தொன்பது, இருபது வயதுப் பெண் தள்ளாடி நிற்பதைப் படமெடுத்துப் பரப்புவது எனக்குக் கோபத்தையே தருகிறது. ஆனால் நீங்கள் பதில் போடப் போட அந்த வீடியோதான் இன்னும் பலரைச் சென்றடையும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, வீடியோவை நீக்கச் செய்யும் பொறுப்பை உங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் ஒப்படையுங்கள்.

பி.டி. உஷா 1988 சியோல் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் முதல் கட்டத்திலேயே வெளியேறியபோது, நாடே அவரைக் குறை பேசியது. மறு ஆண்டு டெல்லியில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் அவர் 4 தங்கமும் 2 வெள்ளியும் வென்றார். இடைப்பட்ட காலத்தில் அவர் செய்தது பயிற்சிதான்.

கால் வலி தணிந்ததும், முதல் சுற்றை 80 விநாடியில் கட்டுப்படுத்தி ஓடப் பழகுங்கள். அடுத்த போட்டியில், முதல் 400 மீட்டர் முடியும் இடமான 1500 மீட்டர் தொடக்கக் கோட்டருகே உங்கள் கோச்சை நிற்கச் சொல்லி, நேரத்தை உரக்கக் கூவச் சொல்லுங்கள்.