வீதியில் பிறர் செய்யும் எந்தச் செயல் உங்களை மிகவும் சினம்கொள்ள வைக்கிறது? ஏன்?

ஒன்றை மட்டும் தெரிவு செய்ய வேண்டுமென்றால், மஞ்சள் கடவையில் ஆட்கள் கடப்பதற்காக ஒரு வாகனம் நின்றுகொடுத்திருக்கும்போது, பின்னால் வருபவர் அதை வலப்பக்கமாக முந்திக்கொண்டு போவதைத்தான் சொல்வேன். கடவைகளுக்கு இப்போது பல இடங்களில் வெள்ளை நிறம் பூசியிருந்தாலும், எங்கள் பக்கத்தில் அதை இன்னும் மஞ்சள் கடவை என்றுதான் சொல்கிறோம். கேள்வியைக் கேட்டவர் ஹோர்ன் அடிப்பது, வரிசையில் நுழைவது, கண்ட இடத்தில் நிறுத்துவது போன்றவற்றை எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறார். அவையும் என்னை எரிச்சலூட்டுகின்றன. ஆனால் எரிச்சல் வேறு, சினம் வேறு. நான் சொல்லும் செயலைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என் கை நடுங்குகிறது.

நான் திருகோணமலையில் ஆசிரியையாக இருக்கிறேன். நிலாவெளிப் பக்கத்திலிருந்து சாம்பல்தீவு, உப்புவெளி வழியாக நகரத்திலுள்ள பாடசாலைக்குப் பதினொரு ஆண்டுகளாக ஸ்கூட்டரில் போய்வருகிறேன். காலையில் பாடசாலை தொடங்குவதற்கு முன் கடவையருகே நின்று பிள்ளைகளைக் கடக்கவிடும் பொறுப்பு வாரத்தில் இரண்டு நாட்கள் எனக்கு இருக்கிறது. ஆகையால் இதை நான் வாகனம் ஓட்டுபவராகவும் பார்க்கிறேன், தரையில் நிற்பவராகவும் பார்க்கிறேன்.

பஸ் ஒன்று கடவைக்கு முன் நிற்கிறது. சாரதி பிள்ளையைப் பார்த்துத் தலையசைக்கிறார். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தபடி இரு பக்கமும் பார்த்துவிட்டு, வண்டி நின்றுவிட்டது என்ற நம்பிக்கையோடு பிள்ளை இறங்கி நடக்கிறது. பஸ்ஸின் முகப்பைத் தாண்டி வரும்வரை அந்தப் பிள்ளையை, பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரால் காண முடியாது; பிள்ளையாலும் அவரைக் காண முடியாது. அவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஆளிறக்க நின்றுகொண்டிருப்பதாக அவர் நினைத்துக்கொள்ளும் ஒரு பஸ் மட்டுமே. எதற்காக நிற்கிறது என்று ஒரு கணம் யோசிக்காமல் வலப்பக்கமாக வெளியே எடுத்து முறுக்குகிறார். இரக்கப்பட்டு நின்ற சாரதியின் நல்லெண்ணமே பிள்ளையைக் கொண்டுபோய் ஆபத்தின் நடுவில் நிறுத்திவிடுகிறது. பஸ் நிற்காமலே போயிருந்தால் அந்தப் பிள்ளை வீதியோரத்தில் பத்திரமாக நின்றிருக்கும். இதனால்தான் மற்றத் தவறுகளைவிட இதை மோசமானதாகக் கருதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் நான்காம் தரத்தில் படிக்கும் பையன் ஒருவன் என் கண்முன்னே இப்படித்தான் அகப்பட்டான். மோட்டார் சைக்கிளின் கைபிடி அவனுடைய புத்தகப் பையின் பட்டியில் கொழுவி, பை அறுந்து நடுவீதியில் விழுந்தது. அவன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். முழங்கையில் ஒரு சிராய்ப்பைத் தவிர வேறு காயமில்லை. ஓட்டிவந்தவர் சற்றுத் தள்ளி நிறுத்தித் திரும்பிப் பார்த்து, "பாத்து வரமாட்டியா? வீட்டில ஒண்டும் சொல்லித் தரேல்லையா?" என்று கத்தினார். நான் ஓடிவருவதைக் கண்டதும் போய்விட்டார். அந்தப் பையன் அதன் பிறகு பல வாரங்கள், எல்லா வாகனங்களும் நின்றுகொடுத்தாலும் கடக்க மாட்டான். நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாலும் பஸ்ஸின் முகப்பருகே வந்ததும் அவனுடைய கால்கள் நின்றுவிடும். அவனிடம் பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் அஞ்சியதில் எந்தத் தவறும் இல்லையே.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடுகிறது. பெரிய பஸ் ஒன்றின் நீளமே பத்து முதல் பன்னிரண்டு மீற்றர்தான். அதாவது, பிள்ளையைக் கண்டு, அது பிள்ளை என்று மனத்தில் பட்டு, கால் பிரேக்கைத் தேடும் அந்த ஒரு விநாடிக்குள் பஸ்ஸின் முழு நீளத்தையும் கடந்தாகிவிட்டது. பிரேக் இன்னும் பிடிக்கத் தொடங்கவேயில்லை. பிடித்த பிறகும், நல்ல டயரும் உலர்ந்த வீதியுமாக இருந்தாலும், நிற்பதற்கு இன்னும் ஏறத்தாழ அதேயளவு தூரம் வேண்டும். வேகம் 70 ஆனால் மோதும் விசைக்குக் காரணமான இயக்கச் சக்தி கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடுகிறது. நான் கணிதம் கற்பிப்பவள் என்பதால் உயர் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் செய்து பார்க்கச் சொல்வதுண்டு. விடை வந்ததும் வகுப்பறை சற்று அமைதியாகிவிடும். ஏனென்றால் அவர்களில் பலருடைய அண்ணன்மார் இதே வீதியில்தான் ஓடுகிறார்கள்.

கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளில் 50, வெளியே கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் 70 என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. நிலாவெளியிலிருந்து நகரத்துக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர். அந்தத் தூரம் முழுவதையும் 50இல் ஓடினால் 18 நிமிடம். 70இல் ஓடினால் 13 நிமிடம். இடையில் வரும் சந்திகளையும் மாடுகளையும் பஸ் தரிப்பிடங்களையும் கணக்கில் எடுத்தால் மிஞ்சுவது இரண்டு மூன்று நிமிடங்கள்தான். அதற்காகவா இவ்வளவும் என்ற எண்ணம் ஒவ்வொரு நாளும் வருகிறது. இலங்கையில் ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் 2,000க்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். உலகளவில் 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் இறப்புக்கு முதற் காரணம் வீதி விபத்துதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வயதெல்லையின் பெரும்பகுதி பாடசாலைப் பருவமும் அதற்கு அடுத்த சில ஆண்டுகளும்தான்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முன் அந்தப் பக்கம் போக வேண்டியவர்கள் பாதைக்காக, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்காக, துறையில் காத்திருக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் லொறிக்காரர், வியாபாரி, நோயாளி, மாணவர் எல்லோரும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். மூதூருக்குப் பயிற்சி வகுப்புகளுக்காகப் போன காலத்தில் நானும் நின்றிருக்கிறேன். பொறுக்கத் தெரியாத மக்கள் அல்லர் நாங்கள். இன்று அதே ஊர்களிலிருந்து வருபவர்கள் ஒரு கிழவி கடவையைக் கடக்கும் பத்து விநாடிக்குப் பொறுக்க மாட்டார்கள். காபட் (வழவழப்பான தார்) போட்ட வீதி வந்ததும் வீதி முழுவதும் தனக்கென்று போடப்பட்டதாக ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணம் வந்துவிட்டது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரட்ரிக் கோட்டையின் வாயிலைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஒடுங்கிய கல்வளைவில் எதிரும் புதிருமாக இரண்டு வாகனங்கள் நுழைய முடியாது. அங்கே அதே ஆட்கள் சத்தமின்றி நின்று, எதிரே வருபவரை விட்டுவிட்டுப் போகிறார்கள். உள்ளே போனதும் மான்கள் குறுக்கே வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக்கூட நிற்கிறார்கள். மானுக்கு நிற்பவர்களால் மனிதப் பிள்ளைக்கு நிற்க முடியாது என்பதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

ஹெட்லைட் அடிக்கும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வெளிநாடுகள் சிலவற்றில் எதிரே வருபவர் லைட் அடித்துக் காட்டினால் "நீங்கள் போங்கள்" என்று பொருளாம். இங்கே "நான் வருகிறேன், நீ நில்" என்பதே பொருள். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வரும் சுற்றுலாப் பயணிகள் வாடகை ஸ்கூட்டரில், பலர் தலைக்கவசமின்றி, ஓடித்திரிகிறார்கள். அவர்களில் ஒருவர் எதிரே வந்த வான் லைட் அடித்ததும் நன்றி சொல்லும் பாவனையில் கையைக் காட்டிக்கொண்டு திரும்பியதை நான் கண்டேன். வான் மயிரிழையில் விலகிப்போனது. அதே லைட்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு: முன்னே பொலிஸார் நிற்கிறார்கள், வேகத்தைக் குறையுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் தண்டப்பணம் கட்டக்கூடாது என்பதற்காக இவ்வளவு அக்கறை எடுக்கும் நாம், அதே வீதியில் ஒரு மாடு படுத்திருக்கிறது என்றோ பிள்ளைகள் கடக்கிறார்கள் என்றோ ஒருமுறைகூட லைட் அடித்துச் சொல்வதில்லை.

மாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் தார் வீதி சூடாக இருப்பதால் அவை அங்கே வந்து படுக்கின்றன. கறுப்பு மாட்டை மங்கிய லைட்டில் காண்பது மிகவும் கடினம். கட்டாமல் விடும் உரிமையாளரும் வீதியைப் பயன்படுத்துபவர்தான், அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும்.

பஸ்களின் போட்டியை எல்லோரும் திட்டுகிறார்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஒருமுறை தனியார் பஸ் ஒன்று வளைவில் இன்னொரு பஸ்ஸை முந்த வந்தபோது நான் காபட்டின் விளிம்பைவிட்டு மணலுக்குள் இறங்க வேண்டியதாயிற்று. விளிம்புக்கும் மணலுக்கும் இடையே அரை அடிப் பள்ளம். ஸ்கூட்டர் சரிந்து என் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்த காலத்தில் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். பல தனியார் பஸ்களில் சாரதியும் நடத்துநரும் கைக்குக் கொண்டுபோகும் பணம் அன்றைய வசூலைப் பொறுத்தது. முன்னால் போகும் பஸ்தான் அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும் ஆட்களை ஏற்றும். இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு சாரதியிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. மாதச் சம்பளமும் ஒழுங்கான நேர அட்டவணையும் இருந்தால் இந்தப் போட்டியில் பெரும்பகுதி நின்றுவிடும் என்று நான் நம்புகிறேன். இருந்தாலும் வளைவில் ஏறி வந்த அந்தச் சாரதியை என்னால் மன்னிக்க முடியவில்லை. வசூல் அவரை அவசரப்படுத்தியது உண்மை. எதிரே ஒரு பெண் வருவதைக் கண்ட பிறகும் திரும்பாமல் ஹோர்னை அழுத்திக்கொண்டே வந்தது அவருடைய முடிவு.

என்னை இதைவிடவும் வருத்துவது பெற்றோர். மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவரோடு ஒருவர் மட்டுமே போகலாம், இருவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பது அனைவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் பெற்றோல் தாங்கியின் மேல் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு பிள்ளைகள், தலைக்கவசம் தந்தையின் தலையில் மட்டும். முழுக் குடும்பத்திலும் பொலிஸாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் அவர் ஒருவரே என்பதுபோல. நான் கேட்டால் "பக்கத்திலதானே டீச்சர், மெதுவாத்தான் வந்தனான்" என்கிறார்கள். ஒழுங்காக அணிந்த தலைக்கவசம் இறப்பதற்கான வாய்ப்பை ஆறு மடங்குக்கு மேல் குறைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். அடுத்த வாரம் நான்கு பேர் பிள்ளைக்குச் சிறிய தலைக்கவசம் வாங்கிவந்தார்கள். நான்கு பேர்தானா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். எனக்கு அது சிறிய எண்ணாகத் தோன்றவில்லை.

மீண்டும் கடவைக்கு வருகிறேன். இங்கே எனக்குத் தெரிந்த அளவில் மிகச் சிறந்த செயலையும் அதே இடத்தில்தான் கண்டேன். காலை ஏழேகாலுக்கு அந்த வழியால் வரும் பஸ் சாரதி ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், கடவையில் நிறுத்தியதும் தன் வலக்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி, மெல்ல மேலும் கீழுமாக அசைப்பார். சாரதியின் ஆசனம் வலப்பக்கத்தில் இருப்பதால் முந்த வருபவரின் கண்ணில் அந்தக் கை நேராகப் படும். கை வெளியே இருக்கும்வரை மோட்டார் சைக்கிள்கள் பஸ்ஸின் பின்னாலேயே நின்றுவிடுகின்றன; அந்தக் கையைத் தாண்டிப் போனவர் எவரையும் நான் இதுவரை காணவில்லை. ஒரு நாள் அருகே போய் நன்றி சொல்லிவிட்டு, இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன்.

"ஒருக்கா நான் நிப்பாட்டி ஒரு பிள்ளை அடிபட்டது டீச்சர். அண்டையில இருந்து கை காட்டாம நிப்பாட்டிறேல்ல."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. இப்போது எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருப்பது இதுதான்: பஸ் நின்றால் போதாது, சாரதியின் கை வெளியே வந்தால் அதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள், வராவிட்டால் பஸ்ஸின் முகப்போடு நின்று எட்டிப் பார்த்து, வலப்பக்கத்தில் ஒன்றும் வரவில்லை என்று கண்ட பிறகே அடுத்த அடியை வையுங்கள். பை அறுந்த அந்தப் பையன் இப்போது ஏழாம் தரம். சிறிய பிள்ளைகளை அவன்தான் முகப்பருகே நிறுத்தி, தான் முதலில் எட்டிப் பார்க்கிறான்.