கென்யாவில் குடியேறிய வெள்ளைக்கார விவசாயிகளில் ஆப்பிரிக்கர் ஆட்சியை ஏற்றுக்கொண்ட தலைவர் யாராவது இருந்தாரா?

இருந்தார், மைக்கேல் பிளண்டெல். கென்யக் குடியேறிகள் என்றாலே அவர்களின் ஆரம்பகாலத் தலைவரான டெலமியர் பிரபுவைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், ஆனால் எனக்கு இவர் கதைதான் முக்கியமாகப் படுகிறது.

1907இல் லண்டனில் பிறந்தவர். 1925இல், 18 வயதில் கென்யா வந்து, அடுத்தவர் பண்ணையில் தொழில் கற்றுக்கொண்டு, அப்புறம் நகுரு பக்கம் சொந்தமாக விவசாயம் செய்தார். அந்த வளமான மேட்டுநிலம் வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆப்பிரிக்கர் அங்கே நிலம் வாங்க முடியாது, கடை வைத்துப் பிழைத்த இந்தியர்களும் வாங்க முடியாது. இவருடைய வாழ்வே அந்த அநியாயத்தின் மேல் எழுந்ததுதான், அதை மறந்துவிட்டு இவரைப் புகழ முடியாது.

1948இல் ரிஃப்ட் வேலி தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனார். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து, முக்கியமாகக் கிக்குயு இனத்தவர் நடத்திய மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்க அமைத்த போர்க் குழுவில் கவர்னரோடும் ராணுவத் தளபதியோடும் உட்கார்ந்திருந்தார். லட்சக்கணக்கான கிக்குயு மக்களைக் கட்டாயக் கிராமங்களில் அடைத்த ஆட்சி அது, அந்தப் பொறுப்பில் இவருக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். 1955இல் விவசாய மந்திரி ஆனார். சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்றாக்கிப் பட்டா கொடுப்பது, ஆப்பிரிக்கரும் காப்பி, தேயிலை பயிரிட வழி செய்வது என்று முந்தைய வருடம் தொடங்கிய திட்டம் இவர் காலத்தில்தான் வேகமெடுத்தது. பல வருடம் அவர்களுக்குத் தடுக்கப்பட்டிருந்த பயிர் காப்பி. ஆனால் கிளர்ச்சிக்காரர்கள் என்று தடுப்பு முகாம்களில் அடைபட்டிருந்த பலர் பட்டா வாங்க அங்கே இல்லை, நிலத்தை இழந்தார்கள்.

1959இல் மந்திரி பதவியை விட்டுவிட்டு எல்லா இனத்தவரும் சேரக்கூடிய 'நியூ கென்யா குரூப்' என்ற அணியைத் தொடங்கினார். 1960இல் லண்டன் லங்காஸ்டர் ஹவுஸ் மாநாட்டில், சட்டசபையில் ஆப்பிரிக்கர் பெரும்பான்மை வரும் ஏற்பாட்டை ஒப்புக்கொண்டார். நைரோபி விமான நிலையத்தில் திரும்பி வந்து இறங்கியபோது ஒரு குடியேறி முப்பது வெள்ளிக்காசுகளை இவர் காலடியில் வீசி 'யூதாஸ்' என்று கத்தினார், அந்த விலைக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த துரோகியின் பெயர் அது.

அடுத்த வருடத் தேர்தலில், ஐரோப்பியருக்கு ஒதுக்கிய இடத்தில் நிற்க முதலில் சொந்த இனத்தவர் வாக்கில் 25 சதவீதமாவது வாங்க வேண்டும் என்று விதி. இவர் அதைத் தட்டுத் தடுமாறித்தான் தாண்டினார். எதிர்த்து நின்ற குடியேறிகளின் கடும்போக்குத் தலைவர் கேவெண்டிஷ் பென்டிங்க் பக்கம்தான் வெள்ளையர் வாக்கு பெரும்பாலும் போனது. அடுத்து எல்லா இனத்தவரும் வாக்களிக்கும் சுற்று வந்ததும் ஆப்பிரிக்கர்கள் திரண்டு வாக்களித்து இவரைப் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள்.

நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இறங்கி வந்தார் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கணக்கும் இருந்திருக்கும். ஆனால் அதே கணக்கைப் போடத் தெரிந்த எத்தனையோ பண்ணையார்கள் கடைசிவரை முரண்டு பிடித்து, பிறகு பண்ணையை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். இவர் சுதந்திரத்துக்குப் பிறகும் அங்கேயே இருந்தார், கென்யாவின் காட்டுப்பூக்களைப் பற்றி ஒரு கையேடு எழுதினார், 1993இல் நைரோபியில் இறந்தார்.