உப்புநீர் மீன்களைப் புதிய தொட்டிக்கு மாற்றுதல்

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து ஆண்டுகளாக இருக்கும் 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டியின் மூலையில் சிலிக்கான் ஒட்டு விட்டு, நீர் கசிகிறது. அதே இடத்தில் வைக்க 300 லிட்டர் தொட்டி வாங்கிவிட்டேன். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல டேங், ஒரு ராஸ் மீன், இரண்டு இறால்கள், 25 கிலோ உயிர்ப்பாறை (பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் குடியிருக்கும் நுண்துளைப் பாறை) ஆகியவை உள்ளன. பழைய நீரையும் மணலையும் அப்படியே மாற்றிவிட்டால் மீன்களுக்கு ஆபத்தில்லை என்கிறார் நண்பர். அது சரியா?
– வாசகர், சென்னை

பதில்: நீரைப் பொறுத்தவரை நண்பர் சொல்வது பாதி சரி; மணலைப் பொறுத்தவரை அது மிகவும் ஆபத்தான யோசனை. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. அவை பாறையின் நுண்துளைகளிலும் ஃபில்டரின் பஞ்சிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. ஆகவே புதிய தொட்டியில் மீன்களைக் காப்பாற்றப்போவது உங்கள் 25 கிலோ பாறைதான். அதை நீரோட்டமுள்ள உப்புநீரில் மூழ்கியபடியே வைத்திருந்து மாற்றுங்கள். பாறையில் வளர்ந்திருக்கும் கடற்பஞ்சுகள் காற்றுபட்டால் இறந்து அழுகக்கூடும்; அந்த அழுகலே புதிய அமோனியாவாகிவிடும். ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் கழுவ வேண்டாம்.

ஐந்து ஆண்டு மணலின் அடியில் கழிவு படிந்திருக்கும். ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்திருக்கலாம். அசையாமல் கிடக்கும்வரை தொந்தரவில்லை. கிளறியவுடன் இரண்டும் நீரில் கலந்து, சில மணி நேரத்திலேயே மீன்களைக் கொன்றுவிடக்கூடும். தொட்டி மாற்றும்போது நேரும் இழப்புகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஏனெனில் இது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. புதிய மணல் வாங்கி, நீர் தெளியும்வரை அலசிப் போடுங்கள். பழைய மணலின் மேற்பரப்பிலிருந்து ஒரு குவளை மட்டும் எடுத்துத் தூவினால் போதும்.

புதிய தொட்டியைச் சாதாரண நீரால் நிரப்பி ஒரு நாள் வைத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாறையும் மணலும் சேர்ந்தால் எடை 350 கிலோவைத் தாண்டும் என்பதால், பழைய ஸ்டாண்டு அதைத் தாங்குமா என்றும் பாருங்கள். அடிமட்டக் கலங்கல் நீரை விட்டுவிட வேண்டியிருப்பதால், 200 லிட்டர் அளவுக்குப் புதிய உப்புநீர் தேவைப்படும். ஆர்.ஓ. நீரில் சால்ட் மிக்ஸை (தொட்டிக்கான கடலுப்புக் கலவையை) கரைத்து, பம்ப் ஓடவிட்டு, முந்தைய நாளே தயாரித்துவிடுங்கள். பழைய நீரின் வெப்பநிலையும் உப்பளவும் எவ்வளவோ, அதற்கு இணையாகப் புதியதும் இருக்க வேண்டும். 25–26 டிகிரி செல்சியஸ், ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; உப்பளவைக் காட்டும் எண்) 1.025 என்பது பொதுவான அளவு.

மாற்றும் நாளில் முதலில் மேல்நீரை, மணலைக் கலக்காமல் குழாய் மூலம் வாளிகளில் இறக்குங்கள். பிறகு பாறைகளை எடுங்கள். மீன்களைக் கடைசியில் பிடியுங்கள். பாறைகளுக்கிடையில் மீனைத் துரத்துவது அதற்குக் காயத்தையும் அச்சத்தையும்தான் தரும். எடுத்த பாறைகளை மீன்கள் இருக்கும் வாளியில் போட வேண்டாம். டேங் மீனின் வால் தொடங்கும் இடத்தில் கத்திபோன்ற முள் இருப்பதால் வலையில் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவால் முகந்தெடுங்கள். ராஸ் மீன்களில் சில இனங்கள் மணலுக்குள் புதைந்து உறங்கும். அதைக் காணவில்லை என்றால் மணலை அள்ளிக் கொட்டுவதற்கு முன் கையால் துழாவிப் பாருங்கள். வாளிகள் சோப்பு படாதவையாக இருக்கட்டும். மீன் குதிக்காமலிருக்க மூடியும், மின்சாரம் போனால் உதவ பேட்டரி ஏர் பம்பும் தேவை.

இறால்கள் உப்பளவு மாற்றத்தைத் தாங்காதவை. அவற்றை ஒரு மணி நேரமாவது சொட்டுச் சொட்டாகப் புதிய நீர் விட்டுப் பழக்குங்கள். ஒரு வாரம் நாள்தோறும் அமோனியாவைச் சோதித்து, சிறிதளவு தெரிந்தாலும் கால் பங்கு நீரை மாற்றுங்கள்; உணவையும் பாதியாகக் குறையுங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். நீல டேங் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. 300 லிட்டரும் அதற்கு நிரந்தர வீடாகாது. கூடுதல் இடத்தை நிரப்ப மன்னார் வளைகுடாவில் எடுத்த பவளப்பாறை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பவளப்பாறைகள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன.

கேள்வி: வெளியூரிலிருந்து பல மணி நேரம் பையில் வந்த மீன்களையும் அதே பையிலேயே நீர் சொட்டவிட்டுப் பழக்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: வேண்டாம். மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு நீரின் காரத்தன்மையைக் குறைப்பதால், சேர்ந்திருக்கும் அமோனியாவின் பெரும்பகுதி நச்சு குறைந்த அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி, அம்மோனியம் மீண்டும் நச்சு அமோனியாவாக மாறத் தொடங்கிவிடும். ஆகவே பையைத் திறக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன் செய்யுங்கள். விற்பவரிடம் உப்பளவை முன்பே கேட்டு, தனித்தொட்டி (புதிய மீன்களை முதலில் பிரித்து வைக்கும் தொட்டி) நீரை அதே அளவில் வைத்திருந்து, பையைத் திறந்தவுடன் மீனை மட்டும் அதில் விடுங்கள். பை நீரை ஊற்ற வேண்டாம். உப்பளவை அடுத்த நாள்களில் மெல்ல மெல்ல உங்கள் தொட்டியின் அளவுக்குக் கொண்டுவரலாம்.