ஆர்பி26 போட்ட ஸ்டேஜியாவ கழட்டி விக்கலாமா, முழுசா விக்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கேன். என்கிட்ட 1998 நிஸான் ஸ்டேஜியா ஆர்எஸ் ஃபோர் வேகன் இருக்கு. ஸ்கைலைன் ஜிடி-ஆரோட ஆர்பி26 இன்ஜின், பெரிய சிங்கிள் டர்போ, இன்ஜின கன்ட்ரோல் பண்ற லிங்க் ஈசியூ கம்ப்யூட்டர், உயரம் மாத்துற காயிலோவர் சஸ்பென்ஷன், 260ஆர்எஸ் பம்பர்னு 20,000 பவுண்டுக்கு மேல போட்டுட்டேன். ரெண்டாவது குழந்தை வருது, வித்தாகணும். ரெண்டு மாசமா "கடைசி விலை என்ன"ன்னு கேக்குறாங்களே தவிர ஒருத்தரும் நேர்ல வரல. பார்ட் பார்ட்டா கழட்டி வித்துடலாமா?

பதில்: கழட்டாதீங்க தம்பி. இன்ஜின எடுத்துட்டா மிச்சம் நிக்கிற பாடிய வாங்க ஆள் கிடைக்காது, உங்க வாசல்லயே துருப்பிடிக்கும். நிஸானோட ஆட்டெக் கம்பெனியே 1997ல இதே வண்டியில ஆர்பி26 போட்டு 260ஆர்எஸ்னு வித்துச்சு, அதனால இந்தக் கூட்டணிய தேடுற ஆளு நிச்சயம் இருக்காங்க. ஆனா விளம்பரத்துல 260ஆர்எஸ்னு மட்டும் போட்டுடாதீங்க, "ஆர்எஸ் ஃபோர், இன்ஜின் மாத்துனது, பம்பர் 260ஆர்எஸ்"னு உள்ளத உள்ளபடி எழுதுங்க, தப்பா சொல்லி வித்தா பின்னாடி கேஸ் வரைக்கும் போகலாம்.

அந்த 20,000 திரும்ப வராது, அத மனசுல வச்சு விலை போட்டா வண்டி நகராது. வாங்குறவன் காசு குடுக்குறது நம்பிக்கைக்குத்தான். முன்னாடி ஒரு நண்பருக்காக இதே மாதிரி ஒரு வேகன் பாக்கப் போனேன், பானெட்ட தொட்டா சூடா இருக்கு, நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காரு, பாசஞ்சர் பக்கம் கார்பெட்ட தூக்குனா கறுப்பு டேப் சுத்துன ஒயர் ஒரு கொத்து, எது எங்க போகுதுன்னு ஓனருக்கே தெரியல. இன்ஜின் நல்லாத்தான் ஓடுச்சு, ஆனாலும் வேண்டாம்னு வந்துட்டோம்.

அதனால முதல் வேலை வி5சி, அதாவது வண்டியோட ரெஜிஸ்ட்ரேஷன் தாள். இன்ஜின் மாறுனத வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் பாக்குற அரசு ஆபீஸ் டிவிஎல்ஏக்கு சொல்லியாச்சா? சொல்லலன்னா பில்லோட இப்பவே அனுப்புங்க. 2001 மார்ச்சுக்கு முன்னாடி ரெஜிஸ்டர் ஆன வண்டிக்கு டேக்ஸ் 1549 சிசிக்கு மேலயா கீழயான்னுதான் பாக்குறாங்க, வண்டியில முதல்ல இருந்த ஆர்பி25 இன்ஜினும் மேலதான், ஆர்பி26ம் மேலதான், டேக்ஸ் ஏறாது, பயப்படாதீங்க. அப்புறம் ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட், இன்ஜின் பவர அளந்த டைனோ ஷீட், எல்லா பில்லும், ஜப்பான்ல ஏலத்துல வாங்குனப்போ குடுத்த கண்டிஷன் தாள் இருந்தா அதுவும் ஒரே ஃபைல்ல வைங்க. புகையச் சுத்தம் பண்ற கேட் கன்வெர்ட்டர கழட்டியிருந்தா திரும்ப மாட்டுங்க, அது இல்லன்னா வருஷா வருஷம் பண்ற எம்ஓடி சோதனையில ஃபெயில்தான், எம்ஓடி ஹிஸ்டரிய யார் வேணா ஆன்லைன்ல பாக்கலாம்.

தனியா விக்கணும்னா பழைய ஒரிஜினல் பார்ட் கையில இருக்குற காயிலோவர், வீல், சீட்ட மட்டும் வித்துக்கோங்க. இஞ்செக்டர், டர்போ, ஈசியூ மூணும் ஒண்ணுக்கொண்ணு ட்யூன் பண்ணது, அதுல ஒண்ண எடுத்துட்டு பழசப் போட்டா ஈசியூல ஏத்துன ட்யூனிங் செட்டிங், அதாவது மேப், ஒத்துவராது, இன்ஜினே போயிடும்.

நாலு டயரும் ஒரே சைஸ், ஒரே அளவு தேய்மானமான்னு பாருங்க, இந்த ஆல்வீல் டிரைவ் சிஸ்டம் தெரிஞ்சவன் குனிஞ்சு பாக்குறது அங்கதான், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு இருந்தா முன் வீலுக்கு பவர் அனுப்புற டிரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச் தேயும்னு அவனுக்குத் தெரியும். அடியில துரு எங்க இருக்கோ அந்த இடத்தையும் மறைக்காம போட்டோ எடுத்துப் போடுங்க. பின் சீட்ட எடுத்திருந்தா திரும்பப் போடுங்க, டிக்கி மூடுற திரையத் தேடி மாட்டுங்க. வேகன் வாங்குறவன் உங்கள மாதிரியே ஒரு அப்பாதான், குழந்தை சீட் எங்க வைப்போம்னுதான் முதல்ல பாப்பான்.

பாக்க வர்றப்போ இன்ஜின் ஜில்லுன்னு இருக்கணும், அவர் முன்னாடிதான் ஸ்டார்ட் பண்ணணும். அவருக்கு இன்ஷூரன்ஸ் இல்லன்னா நீங்களே ஓட்டிக் காட்டுங்க. பணம் பேங்க்ல ஏறுனதுக்கு அப்புறம்தான் சாவி. வி5சியில இருக்குற பச்சை ஸ்லிப்ப அவர்கிட்ட குடுத்துட்டு அன்னைக்கே டிவிஎல்ஏக்கு ஆன்லைன்ல சொல்லிடுங்க, மீதி முழு மாசங்களுக்கு டேக்ஸ் உங்களுக்கு ரீஃபண்ட் வந்துடும். ட்யூனர்கிட்ட லிங்க் ஈசியூ மேப் ஃபைலும் பாஸ்வேர்டு போட்டிருந்தா அதுவும் இப்பவே கேட்டு வாங்கி, ஒரு பென்டிரைவ்ல போட்டு ஸ்பேர் சாவியோட சேத்து வைங்க.