பட்டறை பதில்கள்: கல்லாக இறுகிய ஸ்டார்ட்டர் கயிறு

கேள்வி: 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அறுக்க வாங்கிய செயின்சா இது. மூன்று மாதமாக வேலை இல்லை, டேங்கில் இருந்த பெட்ரோலைக் கூடக் காலி செய்யாமல் தகரக் கொட்டகையில் போட்டுவிட்டோம். இப்போது கயிற்றை இழுத்தால் ஒரு சாண் வருகிறது, அப்புறம் கல் மாதிரி நின்றுவிடுகிறது. மச்சானும் நானும் மாறி மாறி இழுத்ததில் தோள்பட்டை வலிதான் மிச்சம். மெக்கானிக் ஒருவர் தூக்கிப் பார்த்துவிட்டு "இன்ஜின் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். நிஜமாகவே போய்விட்டதா?
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். பிளக்கைக் கூடக் கழற்றிப் பார்க்காமல் இன்ஜின் போச்சு என்று ஒருவர் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பெட்ரோலோடு தகரக் கொட்டகையில் கிடந்தது என்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான். வெயிலில் டேங்க் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும். கார்புரேட்டரில் பெட்ரோலைத் தடுத்து நிறுத்துகிற ஊசி சரியாக உட்காரவில்லை என்றால் அது சொட்டுச் சொட்டாக இன்ஜினுக்குள் இறங்கிவிடும். காற்று என்றால் பிஸ்டன் அமுக்கிவிடும், பெட்ரோலை அமுக்க முடியாது, அதனால்தான் ஒரு சாணில் நிற்கிறது. இதற்கு மேல் மல்லுக்கட்டினால் கயிறு அறும், இல்லாவிட்டால் வேறு ஏதாவது உடையும்.

ஸ்விட்சை ஆஃப் செய்து, பிளக் கேப்பைப் பிடுங்கித் துளைக்குப் பக்கத்தில் வராமல் ஒதுக்கிவிட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் சரி, ஆள் கிடைத்துவிட்டான். பிளக் துளை கீழே பார்க்கிற மாதிரி மெஷினைச் சாய்த்துக் கயிற்றை மெதுவாக ஆறேழு தடவை இழுங்கள். பீச்சி அடிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள், பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்க வேண்டாம். அரை மணி நேரம் காயவிட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டி, பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் டூ-டி ஆயில் கலந்த புதுப் பெட்ரோல் ஊற்றி, சோக் போடாமல் இழுங்கள். ஓடிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், கார்புரேட்டர் ஊசியையும் அதற்குள் இருக்கிற டயாபிரம் என்ற மெல்லிய சவ்வையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.

பிளக் இல்லாமலும் இறுக்கமாகவே இருக்கிறதா? அப்படியானால் ஸ்டார்ட்டர் கவரைத் தனியாகக் கழற்றிக் கையில் பிடித்துக் கயிற்றை இழுங்கள். கையிலும் இறுகினால் கோளாறு கவருக்குள்தான்: மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து களியாகிக் கப்பியைப் பிடித்திருக்கும், அல்லது சுருள் ஸ்பிரிங் சிக்கியிருக்கும். கப்பியைத் தூக்கும்போது ஸ்பிரிங் பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வெளியே வரும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கையில் லேசாக வந்தால் மெஷின் பக்கம் திரும்புங்கள். கவருக்குப் பின்னால் சுற்றுகிற ஃபிளைவீல் சக்கரத்தின் காந்தத்தில் பளபளவென்று உரசின தடம் இருந்தால், பிளக்குக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில் நகர்ந்து வந்து இடிக்கிறது, ஸ்குரூவைத் தளர்த்தி, நடுவே ஒரு விசிட்டிங் கார்டை வைத்து (ஏறக்குறைய 0.3 மி.மீ. இடைவெளி) முடுக்கினால் போதும். அடுத்தது கிளட்ச். செயின் பிரேக்கை விடுவித்துக் கயிற்றை இழுக்கும்போது செயினும் கூடவே நகர்ந்தால் கிளட்ச் பிடித்துக்கொண்டிருக்கிறது. தென்னை அறுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அந்த நார் கவருக்குள் போய் கிளட்ச் டிரம்மைச் சுற்றிக் கயிறு திரித்த மாதிரி கிடக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி, கோபிக்காதீர்கள். நடுவில் யாருக்காவது இரவல் கொடுத்தீர்களா? டூ-டி ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டியிருந்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வியிருக்கும். சைலென்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனில் நெட்டுக்குத்தாகக் கீறல்கள் தெரிந்தால் அந்த மெக்கானிக் சொன்னது பாதி சரி. பாதிதான், ஏனென்றால் சிலிண்டரும் பிஸ்டனும் செட்டாகவே கிடைக்கும், முழு மெஷின் வாங்க வேண்டியதில்லை. ஆயில் அளவு மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25:1 என்றால் 40. கண்ணளவில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: எனக்குக் கயிறு நன்றாக வருகிறது, ஆனால் பாதியில் வெடுக்கென்று திருப்பி இழுத்து விரலைப் பதம் பார்க்கிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் தயங்கித் தயங்கி இழுப்பதால்தான். மெஷினைத் தரையில் வைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, பின் கைப்பிடிக்குள் வலது காலை நுழைத்து மிதித்து, முன் கைப்பிடியை இடது கையால் அழுத்துங்கள். கயிற்றை மெல்ல இழுத்து இறுக்கம் தட்டுப்படுகிற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரே வீச்சில் இழுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. அப்படியும் உதைத்தால் ஃபிளைவீலை அச்சோடு பூட்டிவைக்கிற சின்ன இரும்புத் துண்டு (கீ) வெட்டுப்பட்டு, பிளக்கில் பொறி விழுகிற நேரம் மாறியிருக்கலாம், பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பெரிய மெஷினாக இருந்தால் சிலிண்டர் பக்கம் டீகம்ப்ரஷன் பட்டன் இருக்கிறதா பாருங்கள், அழுத்திவிட்டு இழுத்தால் பாதி பலம் போதும்.

கேள்வி: அறுந்த கயிற்றுக்குப் பதில் துணி காயப்போடும் நைலான் கயிறு போடலாமா?

பதில்: வேண்டாம், அது இந்த வேலைக்கு ஆனதல்ல. ஸ்டார்ட்டர் கயிறு என்றே கேட்டு வாங்குங்கள், பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய்த் தடிமன் பார்த்து.