வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘ஸிங்கர் 21சி’ என்றொரு காரை அச்சிட்டுச் செய்கிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். காகிதத்தில் எழுத்தை அச்சிடலாம். உலோகத்தை எப்படி அச்சிடுவது?
– வெள்ளவத்தை வாசகர் ஒருவர்

பதில்: மகன் சொல்வது பெரும்பாலும் சரி. முழுக் காரும் அச்சிடப்படுவதில்லை. அடிச்சட்டகத்தின் முக்கியமான இணைப்புகளும் சஸ்பென்சன் பாகங்கள் பலவும்தான் அவ்வாறு உருவாகின்றன. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் கெவின் ஸிங்கர் நிறுவிய நிறுவனம் இந்தக் காரைச் செய்கிறது. அச்சிடும் தொழில்நுட்பம் அவரே தொடங்கிய ‘டைவர்ஜென்ட்’ என்ற நிறுவனத்தினுடையது. மொத்தம் 80 கார்கள் மட்டுமே செய்வதாக அறிவித்திருக்கிறார்கள்.

செயல்முறையைச் சொல்கிறேன். மாவைப் போல் நுண்ணிய அலுமினியக் கலப்புலோகத் தூளை ஒரு தட்டின் மீது மயிரிழையளவு மெல்லிய படையாகப் பரப்புவார்கள். செய்ய வேண்டிய பாகத்தின் ஒரு குறுக்குவெட்டு எப்படி இருக்குமோ அந்த வடிவத்தின் மேல் லேசர் கதிர் ஓடி, தூளை உருக்கி ஒட்டவைக்கும். பிறகு தட்டு சிறிது கீழிறங்க, அதன் மேல் புதிய தூள் பரவ, லேசர் அடுத்த வெட்டை வரையும். இப்படி ஆயிரக்கணக்கான படைகள் ஏறிய பின்னர், தூளுக்குள் புதைந்திருக்கும் பாகத்தை, மணலில் பனங்கிழங்கு தோண்டுவது போலத் தோண்டி எடுப்பார்கள். அவ்வாறு எடுத்த பாகங்களைக் கார்பன் இழைக் குழாய்களுடன் சேர்த்து, ரோபோக்கள் பசையால் பொருத்துகின்றன.

சென்ற வாரம் பஞ்சிகாவத்தையில் ஓர் உதிரிப்பாகக் கடையில், பிரித்தெடுத்த காரொன்றின் கீழ்க்கையை, அதாவது சக்கரத்தை அடிச்சட்டகத்தோடு இணைக்கும் சஸ்பென்சன் கையை, தூக்கிப் பார்த்தேன். அழுத்தி வளைத்த இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பு வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். விசை அதிகம் தாக்கும் குமிழ் மூட்டுப் பக்கத்திலும், ஏறத்தாழ ஒன்றும் தாக்காத நடுப்பகுதியிலும் தகட்டின் தடிப்பு ஒன்றேதான். தகட்டை அழுத்திச் செய்யும்போது வேறு வழியில்லை. அச்சிடப்பட்ட பாகமோ பார்வைக்கு எலும்பு போலிருக்கும்: சுமை போகும் வழியில் மட்டும் தடித்து, மற்ற இடங்களில் மெலிந்து, உள்ளே பொள்ளலாகவும் இருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதைக் கணினி கணக்கிட்டுத் தருகிறது. இந்தக் காரைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் வேகத்தையே சொல்கிறார்கள். என் மனத்தைப் பிடித்தது இந்தச் சிக்கனம்தான்.

80 கார்கள் மட்டும் செய்ய முடிவதற்கும் இதுவே வழி. தமிழில் ‘அச்சு’ என்ற ஒரே சொல் வண்டியின் அச்சையும், வடிவம் கொடுக்கும் அச்சையும், அச்சடிப்பையும் குறிக்கும். வழமையான கார்த் தொழிற்சாலை இவற்றில் இரண்டாவதற்குத்தான் பெரும் பணத்தைக் கொட்டுகிறது. தகடு அழுத்தும் அச்சுகளைச் செய்து முடித்த பின்னர், இலட்சக்கணக்கான கார்கள் விற்றால்தான் அந்தச் செலவு திரும்பும். வடிவத்தில் சிறு மாற்றம் என்றாலும் அச்சை மாற்ற வேண்டும். தூளும் லேசரும் கொண்ட முறையில் கணினியிலுள்ள கோப்பை மாற்றினால் போதும். ஆகவே 80 கார்களுக்கும் கணக்குச் சரிவருகிறது, அதுவும் அவற்றை வாங்குவோர் ஒவ்வொருவரும் 17 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் கொடுக்கத் தயாராக இருப்பதால்.

கேள்வி: இதன் என்ஜின் 2.88 லீற்றர்தானாம். எங்கள் கேடிஎச் வானில் 3 லீற்றர் என்ஜின் இருக்கிறது. அப்படியானால் 1,250 குதிரைவலு எங்கிருந்து வருகிறது? ஹைபிரிட் என்றால் அக்குவா போலவா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: குதிரைவலுவை என்ஜினின் கொள்ளளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை சுழல்கிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு காற்றை உள்ளே திணிக்கிறது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. உங்கள் வானின் டீசல் என்ஜின் நிதானமாகச் சுழன்று பாரம் இழுப்பதற்கானது. 21சியின் எட்டு சிலிண்டர் பெற்றோல் என்ஜின் நிமிடத்துக்கு 11,000 சுற்றுவரை போகும். இரண்டு டர்போக்கள் காற்றை அழுத்தி ஊட்டுகின்றன. அதனுடன் மின்மோட்டார்களின் வலுவும் சேர்ந்ததே நீங்கள் கேட்ட எண்.

ஹைபிரிட் என்பது பெற்றோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த கார். டொயோட்டா அக்குவாவில் மின்மோட்டாரின் வேலை எரிபொருளை மிச்சம்பிடிப்பது. காலி வீதி நெரிசலில் என்ஜினை நிறுத்திவிட்டு மோட்டாரில் ஊர்ந்து, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பும் அந்த ஏற்பாட்டை நம் ஊர் சாரதிகள் நன்கு அறிவார்கள். 21சியில் மின்மோட்டாருக்கு வேறொரு பொறுப்பு. பின்சக்கரங்களைப் பெற்றோல் என்ஜின் சுழற்ற, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் ஆளுக்கொரு மோட்டார் இருக்கிறது. டர்போவைச் சுழற்றுவது என்ஜினின் புகை, அதன் வேகம் கூடும்வரை காத்திருக்க வேண்டும்; மோட்டார் காத்திருப்பதில்லை, மிதித்த கணமே இழுக்கும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கூடுதல் வலுவைக் கொடுத்துக் காரைத் திருப்பவும் உதவும். 2021ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் லகுனா சேகா ஓடுபாதையை இந்தக் கார் 1 நிமிடம் 25.44 செக்கனில் சுற்றி வந்தது. வீதியில் ஓட அனுமதியுள்ள கார்களில் அதற்கு முன்னிருந்த சாதனையை அது இரண்டு செக்கனுக்கும் மேலாக முந்தியது. ஓடுபாதையில் இரண்டு செக்கன் என்பது பெரிய இடைவெளி.

கேள்வி: இதன் ஸ்டியரிங் இடப்பக்கமா, வலப்பக்கமா? கொழும்பில் ஓட்ட முடியுமா?
– பம்பலப்பிட்டி வாசகி

பதில்: இரண்டும் இல்லை, நடுவில். சாரதி நடுவில் அமர, மற்றவர் அவருக்குப் பின்னால், மோட்டார் சைக்கிளில் அமர்வது போல அமர வேண்டும். 100 கிலோமீற்றர் வேகத்தை 1.9 செக்கனில் எட்டும் என்று நிறுவனம் சொல்கிறது. கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையின் வேக எல்லையே அதுதான். நம் பக்க வீதிகளின் பள்ளங்களுக்கும் வேகத்தடைகளுக்கும் இவ்வளவு தாழ்ந்த கார் ஒத்துவராது.

கேள்வி: தையல் இயந்திரம் விற்கும் சிங்கர் நிறுவனம்தானா இது?
– தெமட்டகொடை வாசகி

பதில்: இல்லை. இது நிறுவியவரின் குடும்பப் பெயர். ஆங்கில எழுத்துகளும் வேறு.

கேள்வி: நான் மொரட்டுவையில் பொறியியல் படிக்கிறேன். கோடீசுவரர்களின் காரால் நம் நாட்டுக்கு என்ன பயன்?
– மாணவர் ஒருவர்

பதில்: காரால் பயன் ஏதும் இல்லை, அதன் செய்முறையால் உண்டு. 2020 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் 21சி அறிமுகமாக இருந்தது. கொழும்பில் உருவான ‘வேகா’ மின்காரும் அதே கண்காட்சிக்கே ஆயத்தமானது. கொரோனாவால் கண்காட்சி நின்றுபோனது. விலையிலும் வசதியிலும் இரண்டுக்கும் ஒப்பீடில்லை என்றாலும், சிறு எண்ணிக்கையில் கார் செய்ய முற்படும் எவரும் தகடு அழுத்தும் அச்சுகளின் செலவு என்ற அதே மதிலில்தான் முட்டிக்கொள்வார்கள். நம்மைப் போன்ற சிறிய சந்தைக்கு அந்த மதிலைத் தாண்டும் வழி எதுவானாலும் கற்க வேண்டியதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகாட்டி கார் நிறுவனம் 2018இல் டைட்டேனியத்தில் ஒரு பிரேக் கலிப்பரை, அதாவது பிரேக் கட்டைகளைத் தட்டின் மீது அழுத்தும் பாகத்தை, அச்சிட்டுக் காட்டியது. அலுமினியத்தில் 4.9 கிலோவாக இருந்தது 2.9 கிலோவாகக் குறைந்தது. டைட்டேனியத்தின் மூலப்பொருளான இல்மனைட் நம் புல்மோட்டைக் கரையில் மணலாகக் கிடக்கிறது. அதைப் பெரும்பாலும் மணலாகவே கப்பலேற்றுகிறோம். மணலுக்கும் அச்சிடும் தூளுக்கும் இடையில் வெகுதூரம் உண்டு, அதற்கு மின்சாரமும் மூலதனமும் ஏராளம் வேண்டும். ஆயினும் அந்தத் தூரத்தில் ஒரு சிறு பகுதியையாவது உங்கள் தலைமுறை கடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

லேசரை மட்டும் படித்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் கலிப்பரின் 2,213 படைகளையும் அச்சிட 45 மணி நேரம் பிடித்தது. பின்னர் உலையில் சூடாக்கி உலோகத்தினுள் தங்கிய இறுக்கத்தை நீக்கி, மேற்பரப்பை மெருகிட்டார்கள். பிஸ்டன் அமரும் முகங்களையும் திருகு மரைகளையும் இயந்திரத்தில் செதுக்க மேலும் 11 மணி நேரம் ஆனது. உலோகத்தின் குணமும் கடைச்சல் பட்டறையின் நுட்பமும் தெரிந்தவருக்கே அந்த 11 மணி நேர வேலை பிடிபடும்.