மூன்று அரசுகள், ஒரு பள்ளிக்கூடம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: குப்பை அள்ளவில்லை என்றால் கவுன்சிலரைக் கேட்கலாம். ஆனால் பள்ளி, மருத்துவமனை, போலீஸ் என்று வந்தால் மத்திய அரசா, மாநிலமா, உள்ளாட்சியா என்றே புரிவதில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்களே?

பதில்: இரண்டு ஓரங்களிலும் குழப்பம் குறைவு. ராணுவம், வெளியுறவு, நாணயம் எல்லாம் அநேகமாக எந்த நாட்டிலும் தேசிய அரசின் வேலை, தெருவிளக்கும் குப்பையும் பெரும்பாலும் உள்ளாட்சியின் வேலை. சிக்கல் நீங்கள் சொன்ன அந்த நடுப்பகுதியில்தான். 'இது யார் பொறுப்பு' என்று மொத்தமாகக் கேட்டால் அங்கே பதில் கிடைக்காது. சட்டம் போடுவது யார், காசு கொடுப்பது யார், வேலையைச் செய்வது யார் என்று பிரித்துக் கேளுங்கள், மூன்றும் மூன்று இடத்தில் இருக்கலாம்.

பிரான்ஸைப் பாருங்கள். தொடக்கப் பள்ளியின் கட்டடம் ஊராட்சி அளவிலான கொம்யூனுடையது, அதற்கு மேல் 'கொலேஜ்' என்கிற நடுநிலைப் பள்ளியின் கட்டடம் மாவட்டம் போன்ற தெபார்த்மானுடையது, 'லிசே' என்கிற மேல்நிலைப் பள்ளி மண்டல அரசுடையது, ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளமும் பாடத்திட்டமும் எங்கும் தேசிய அரசிடமிருந்துதான் வருகின்றன. அதாவது கூரை ஒழுகினால் ஒருவரிடம் போக வேண்டும், ஆசிரியர் வரவில்லை என்றால் வேறொருவரிடம். ஜெர்மனியில் இப்படி இல்லை, அங்கே பாடத்திட்டமும் ஆசிரியர் நியமனமும் 16 மாநிலங்களின் கையில். போலீஸும் பெரும்பகுதி அவர்களுடையதே.

கேள்வி: எந்த அரசின் அதிகாரப் பட்டியலிலும் இல்லாத புது விஷயம் வந்தால் அது யாருக்குப் போகும்?

பதில்: எஞ்சிய அதிகாரம் யாருக்கு என்று கூட்டாட்சி நாடுகளின் அரசமைப்புச் சட்டங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. அமெரிக்காவில் 1791-இல் வந்த பத்தாவது திருத்தப்படி அது மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு. ஆஸ்திரேலியாவிலும் மாநிலங்களுக்கே. கனடாவிலும் இந்தியாவிலும் மத்திய அரசுக்கு. பார்க்கச் சின்ன விதிதான், ஆனால் புதுத் தொழில்நுட்பம் ஒவ்வொன்றும் வரும்போது அதிகாரம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: உள்ளாட்சிக்கு வேலை மேல் வேலை தருகிறார்கள், பணம் மட்டும் வருவதில்லை. இது எல்லா நாட்டிலும் உள்ளதுதானா?

பதில்: பல நாடுகளிலும் உண்டு, எனக்கு மிகவும் கோபம் வருவதும் இதில்தான். மேலே உட்கார்ந்து சட்டம் போட்டுப் பெயர் வாங்கிக்கொள்வது, செலவையும் திட்டையும் கீழே தள்ளிவிடுவது! இதைத் தடுக்கச் சில நாடுகள் முயன்றிருக்கின்றன. நிதி தராமல் மாநிலங்கள் மீதும் உள்ளாட்சிகள் மீதும் கடமைகளைச் சுமத்துவதைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 1995-இல் ஒரு சட்டமே வந்தது. ஜெர்மனியில் 2006 அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு மத்திய அரசு தன் சட்டத்தின் வழியாக உள்ளாட்சிகளுக்கு நேரடியாகப் புது வேலை கொடுக்கவே முடியாது.

இதைவிட உறுதியான வழி சொந்த வரிதான். சுவிட்சர்லாந்தில் வருமான வரியைத் தேசிய அரசு, கான்டன் என்கிற 26 மாநிலங்கள், ஊராட்சிகள் என மூன்று மட்டத்திலும் விதிக்கிறார்கள், தன் ஊர் எவ்வளவு வாங்குகிறது என்று அங்கே வரி கட்டுபவருக்குத் தெரியும். டென்மார்க்கில் 2007-இல் 271 நகராட்சிகளை 98 ஆகச் சேர்த்தபோது, மருத்துவமனைகளைக் கவனிக்க 5 மண்டலங்களை உருவாக்கினார்கள், வரி போடும் அதிகாரத்தை மட்டும் அவற்றுக்குத் தரவில்லை. தேர்தலில் ஜெயித்து வந்தாலும் பணத்துக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியை மேலே இருப்பவர்கள் கலைத்துவிட முடியுமா?

பதில்: பல நாடுகளில் முடியும். லண்டன் பெருநகர மன்றத்தை பிரிட்டன் நாடாளுமன்றம் சட்டம் போட்டு 1986-இல் ஒழித்தது, அப்புறம் 2000 வரை நகரம் முழுமைக்கும் ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் இல்லை. இந்தியாவில் 1993-இல் அமலுக்கு வந்த 73, 74-வது திருத்தங்களின்படி, உள்ளாட்சி ஒன்றைக் கலைத்தாலும் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். உங்கள் நாட்டில் இந்தப் பாதுகாப்பு அரசமைப்பில் இருக்கிறதா, சாதாரணச் சட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், சாதாரணச் சட்டம் என்றால் ஒரே வாக்கெடுப்பில் போய்விடும்.